பதினெட்டு மாத ஊசியும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் காலை 7.40 பஸ்ஸைப் பிடித்து, புதுச்சேரியில் ஒரு துணிக்கடையின் கணக்குப் பிரிவுக்குப் போய், இரவு எட்டு மணிக்குமேல் வீடு திரும்புகிறவள் நான். வயது 45. பதினோரு ஆண்டுகளாக இதே ஓட்டம். நின்றுகொண்டே பயணம் செய்வது எனக்குப் பெரிய காரியமாக இருந்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அது மாறியது. ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் உட்கார இடம் கிடைக்காவிட்டால் கண் இருட்டியது. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும், திங்கள் காலையில் இரவெல்லாம் மூட்டை சுமந்தவள்போல எழுந்தேன்.

கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான், உடம்பின் சில புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன மருத்துவமான அக்குபங்சர் பக்கம் போனேன். முதலில் போனது கடலூரிலேயே ஒரு தொடுசிகிச்சை நிலையம். அங்கே ஊசி கிடையாது. நாடி பார்த்து, உடம்பில் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுவார்கள். பசித்தால் மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். அது நல்ல யோசனைதான். கூடவே, இரத்தப் பரிசோதனை வேண்டாம், எந்த மாத்திரையும் வேண்டாம், எல்லாவற்றையும் உடல் தானே சரிசெய்துகொள்ளும் என்றும் சொன்னார்கள். நான்கு மாதம் நம்பினேன். அந்த நான்கு மாதத்தில், கடையின் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். கோபம் அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

பிறகு புதுச்சேரியில், சீன முறைப்படி ஊசி போடும் ஒருவரிடம் போனேன். இந்தப் பதினெட்டு மாத அனுபவம் அவரிடம் பெற்றதுதான். முதல் நாள் ஊசியை எடுக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். சோர்வு எழும்போதே இருக்கிறதா, சாப்பிட்டபின் வருகிறதா? கை கால் கனக்கிறதா, அல்லது வெறுமையாக இருக்கிறதா? அதிகம் பேசினால் களைக்கிறதா? இரவில் வியர்க்கிறதா? இடுப்பும் முழங்காலும் சில்லிடுகின்றனவா? அதுவரை நான் பார்த்த எல்லோரும் 'சோர்வு' என்ற ஒரே சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர்கள். என் சோர்வுக்கு ஒரு நேரமும் ஓர் எடையும் உண்டு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இவர்தான். இதற்காகவே அந்த மருத்துவத்துக்கு என் மதிப்பெண்ணில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

நாக்கை நீட்டச் சொன்னார். வெளிறி, சற்றே உப்பி, ஓரங்களில் பல் தடம் பதிந்திருந்தது. "மண்ணீரல் பலவீனம், உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன், சிரித்தார். சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்பது விலா எலும்புக்குக் கீழே இருக்கும் உறுப்பை மட்டும் குறிப்பதில்லை. உணவைச் சக்தியாக மாற்றும் வேலை முழுவதற்குமான பெயர் அது. அந்தச் சக்தியை அவர்கள் 'சீ' என்கிறார்கள். அது குறைந்தால் களைப்பு. உணவு சரியாக மாறாமல் தேங்கினால் ஈரம், கனம், தூக்கம். வீட்டுக்கு வந்து என் மாமியாரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மந்தம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். அதைவிடச் சுருக்கமாக இதை யாரும் மொழிபெயர்த்துவிட முடியாது.

கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதற்கு எங்கள் முறையில் இரத்தக் குறைவு என்று பெயர். எவ்வளவு குறைவு என்பதை நாடி சொல்லாது அம்மா, ஆய்வகம்தான் சொல்லும். முடிவு வந்த பிறகு ஊசியைப் பார்க்கலாம்" என்றார்.

ஹீமோகுளோபின் 8.6 வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. தைராய்டு சரியாக இருந்தது. உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடந்தது. ஓராண்டாக மாதவிடாயில் அதிகம் போய்க்கொண்டிருந்ததை நான் 'இந்த வயதில் அப்படித்தான்' என்று விட்டிருந்தேன். அரசு மருத்துவமனையில் அதற்கும் சிகிச்சை தந்தார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள். மாத்திரையோடு டீ, காபி கூடாது, எலுமிச்சைச் சாறு குடிக்கலாம் என்றார்கள். மலம் கறுத்தது, வயிறு கொஞ்சம் முரண்டு பிடித்தது, பழகிவிட்டது. நான்கு மாதத்தில் 11.4, பிறகு 12.3.

இனி ஊசி. ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறியும் ஊசிதான், உறையை என் கண்முன்னேதான் பிரிப்பார். நூலைவிடச் சற்றுத் தடிமன். குத்தும்போது எறும்புக்கடி அளவு. அதன்பின் அந்த இடத்தில் ஒரு கனமும் மெல்லிய கடுப்பும் பரவும். அதை அவர்கள் 'சீ வந்துவிட்டது' என்பார்கள். எனக்கு வழக்கமாகப் போட்ட புள்ளிகளில் முக்கியமானது முழங்காலுக்குக் கீழே, முட்டிச் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் இறங்கி, முன்கால் எலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் இருப்பது. பெயர் சூ-சான்-லி. 'லி' என்பது சீனத் தொலைவு அளவு, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். களைத்து விழுந்தவனும் இந்தப் புள்ளியை அழுத்திக்கொண்டால் இன்னும் மூன்று லி நடப்பான் என்று ஒரு கதை சொல்வார்கள். பஸ்ஸில் நான் கட்டை விரலால் அதை அழுத்திக்கொண்டு போவதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைப் பெண்மணி, "முட்டிவலியா?" என்று கேட்காத வாரம் இல்லை. உள்கணுக்காலுக்கு மேலே இன்னொரு புள்ளி உண்டு. கர்ப்பிணிகளுக்கு அதில் போடுவதில்லை என்று சொல்லி, என்னிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே போட்டார்.

மழைக்காலத்தில் ஊசியோடு சூடும் வைத்தார். மாக்சா என்று, உலர்ந்த இலையைப் பஞ்சுபோல் இடித்துச் சுருட்டிய ஒரு கட்டை. அதைப் பற்றவைத்துத் தோலில் படாமல் அருகே காட்டுவார்கள். பூக்கடையில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடிதான் அது. எரியும்போது மரிக்கொழுந்தின் மணத்தை எதிர்பார்க்க வேண்டாம். காய்ந்த சருகைக் கொளுத்திய நாற்றம். சேலையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது.

உணவில்தான் வீட்டில் சண்டை. ஈரம் சேரும் என்று இரவுத் தயிர்ச்சோற்றை நிறுத்தச் சொன்னார், பச்சைக் காய், ஐஸ் போட்ட ஜூஸ் எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். சித்திரை வெயிலில் கடலூரில் இருந்துகொண்டு தயிர்ச்சோற்றை விடுவது எப்படி? இரண்டு மாதம் விட்டுப் பார்த்தேன், பெரிய வேறுபாடு தெரியவில்லை, மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். காலை உணவு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது அப்படியே பலித்தது. சீனக் கணக்கில் காலை 7 முதல் 9 வரை வயிற்றின் நேரம், 9 முதல் 11 வரை மண்ணீரலின் நேரம். நானோ ஒரு டீயோடு பஸ் ஏறி, பதினொன்றுக்கு இரண்டு பிஸ்கட் தின்பவள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த லி துங்யுவான் என்ற சீன மருத்துவர், போரும் பஞ்சமும் சூழ்ந்த காலத்தில், பட்டினியாலும் அலைச்சலாலும் வயிறு கெட்டவர்களே அதிகம் நோயில் விழுவதைக் கண்டு, சோர்வுக்கான சிகிச்சையை வயிற்றிலிருந்து தொடங்கினாராம். ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட 800 ஆண்டுக்கு முந்தைய சீன மருத்துவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அம்மா சொன்னபோது கேட்கவில்லை.

ஒரு தவறும் செய்தேன். சீக்கிரம் தேற வேண்டும் என்று, அவரிடம் சொல்லாமல் ஜின்செங் என்ற மூலிகை வேரில் செய்த தேநீர் வாங்கி மாலையில் குடித்தேன். மூன்று இரவு தூக்கம் இல்லை, படபடப்பு வேறு. தெரிந்ததும் திட்டினார். சில மருந்துகளோடு, முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினோடு, ஜின்செங் ஒத்துப்போகாது. பல சீனக் கலவைகளில் சேரும் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். மூலிகைக்குத் தான் பொறுப்பேற்க முடியாது, வேண்டுமானால் மாத்திரை எழுதிய டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார். அதோடு நிறுத்திவிட்டேன்.

பா துவான் ஜின் என்ற எட்டு அசைவுப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். கால் மணி நேரம் போதும். வானைத் தாங்குவதுபோல் இரு கைகளையும் உயர்த்துவதில் தொடங்கி, குதிகாலைத் தூக்கி ஏழு முறை தரையில் இறக்குவதில் முடியும். தினமும் மொட்டைமாடியில், ஞாயிறுகளில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில். வில் வளைக்கும் அசைவு வந்தால் பையன்கள் பின்னால் நின்று அம்பு விடுகிறார்கள்.

மொத்தம் 41 முறை, ஒவ்வொன்றும் 300 ரூபாய், ஆக 12,300. இரும்புச்சத்து மாத்திரைக்குச் செலவு ஏதுமில்லை. கண் இருட்டியதையும் மூச்சு வாங்கியதையும் போக்கியது மாத்திரைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் விடாமல் இருந்த மாலை மூன்று மணி மந்தம் ஊசியும் பயிற்சியும் தொடர்ந்த மாதங்களில்தான் விலகியது. அதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, வாரத்தில் அரை மணி நேரம் கைப்பேசியில்லாமல் மின்விசிறிக்கடியில் படுத்துக் கிடந்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. இப்போது மாதம் ஒரு முறை போகிறேன்.

மாமியாருக்கு முட்டிவலி. இத்தனை மாதம் கேலி செய்தவர், போன வாரம் தாமே ஆரம்பித்தார். "அடுத்த தடவை நானும் வருகிறேன்." சரி அத்தை என்றேன். சற்று நேரம் கழித்துச் சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது: "தயிர்ச்சோற்றை விடச் சொல்லுவாரோ?"