லண்டன் – பாரிஸ்: 348 கிலோமீட்டருக்கு விமானமா, ரயிலா?

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்லஸ் டி கோல் விமான நிலையத்துக்கு வான்வழியாக ஏறக்குறைய 348 கிலோமீட்டர். அட்டவணையில் 1 மணி 20 நிமிடம் போட்டிருப்பார்கள். அதிலும் ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணி நேரமோ கொஞ்சம் கூடவோதான். மிச்சமெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், இறங்கியபின் வாசல் தேடி உருள்வதிலும் கரைந்துவிடும். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் குப்பை வாங்கும் பையோடு வந்து நிற்பார்கள்.

யூரோஸ்டார் ரயிலோ 492 கிலோமீட்டர் ஓடுகிறது, 2 மணி 20 நிமிடம் எடுக்கிறது. இதை மட்டும் பார்த்தால் விமானம் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்த மாதிரி இருக்கும். வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் கதை மாறிவிடும்.

நடு லண்டனிலிருந்து ஹீத்ரோவுக்கு பிக்காடிலி சுரங்க ரயிலில் ஒரு மணி நேரம். பறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். பாரிஸில் இறங்கினால் குடிவரவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, அப்புறம் ஆர்.இ.ஆர். பி ரயிலில் ஊருக்குள் வர அரை மணிக்கு மேல். சர்வசாதாரணமாக ஐந்தரை மணி நேரம் போய்விடும்.

ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் லண்டனின் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்துக்குப் போனால் போதும். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டனிலேயே கடவுச்சீட்டைச் சரிபார்த்துவிடுவதால், பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு நேராகத் தெருவுக்கு வந்துவிடலாம். பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல். ஈழத்தமிழர் கடைகளும் கொத்துரொட்டிச் சத்தமும். எல்லாம் சேர்த்து நாலு, நாலேகால் மணி நேரம். இடையில் கடலடிச் சுரங்கத்தில் இருபது நிமிடம் சன்னலில் உங்கள் முகம் மட்டும்தான் தெரியும். மீனைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள்.

பேருந்தும் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல். முதுகு ஒத்துழைத்தால் சரி.

அப்போ விமானம் வேண்டவே வேண்டாமா? மேற்கு லண்டனில் சவுத்தாலிலோ ஹவுன்ஸ்லோவிலோ இருந்தால் ஹீத்ரோ பக்கத்து வீடு மாதிரி. அவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. சார்லஸ் டி கோலில் வேறு விமானம் மாறுகிறவர்களுக்கும் விமானம்தான் சரி. கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் விலை மிரட்டும். அன்றைக்கு விமானம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ரயிலில் இரண்டு பெட்டி வரை டிக்கெட்டிலேயே அடக்கம்.

இன்னொன்று: பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி. காலை 9 மணி விமானம் 11:20க்குச் சேரும் என்று பார்த்து, பயணம் இவ்வளவு நீளமா என்று குழம்ப வேண்டாம். திரும்பும்போது 6 மணிக்குக் கிளம்பி 6:20க்கே இறங்கிவிடுவீர்கள்.