குரோமோலி என்று சொல்லி விற்ற சைக்கிள்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

கடை கிடையாது, டீலர் கிடையாது, நாங்களே வடிவமைத்து நேராக உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஸ்டீல் சைக்கிள் விற்கும் ஒரு சின்னக் கம்பெனி என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. புகார் நடப்பதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

4130 குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த பலமான ஸ்டீல்) ஃப்ரேம், ஐந்து வருட வாரண்டி என்றார்கள். முழுப் பணமும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். கேட்கும்போதெல்லாம் "பெயின்ட் வேலை நடக்குது சார்" என்பதுதான் பதில். ஒருவழியாக வண்டி வந்தது. தூக்கினால் கனம். சரி, ஸ்டீல்தானே என்று ஓட்ட ஆரம்பித்தேன்.

கோத்தகிரி ஏறி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஒரு வளைவில் ஹேண்டில் லேசாக ஆடியது. நிறுத்திப் பார்த்தால், ஹெட் டியூபும் (ஹேண்டிலைத் தாங்கும் முன்குழாய்) டவுன் டியூபும் (அங்கிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாய்) சேரும் இடத்துக்கு அடியில், வெல்டிங் ஓரமாகவே பெயின்ட் வெடித்து மயிரிழை போல ஒரு துருக்கோடு. இன்னும் நாலு வளைவு வேகமாக இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

போட்டோ அனுப்பினேன். மலையில் ஓட்டியது தவறான பயன்பாடாம், வாரண்டி கிடையாதாம். அவர்கள் விளம்பரப் படம் அத்தனையும் மலைரோட்டில் எடுத்தது!

அப்புறம்தான் ஃப்ரேமை கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சீட்டுக்குக் கீழே இருக்கும் சீட் டியூபில் ஒரு துண்டை வெட்டி, வெர்னியர் அளவுகோல் வைத்தார் பட்டறை அண்ணன். குழாய்ச் சுவரின் தடிமன் 1.6 மி.மீ. "ஏந்தம்பி, இது கேட்டுக்குப் போடற பைப்புங்க. இதப்போயி குரோமோலின்னு வாங்கியிருக்கறீங்களே" என்றார். வார்ப்புப் பட்டறைகள் இருக்கும் ஊர் என்பதால் உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் எடுக்க அலைய வேண்டியதில்லை. துண்டைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தோம். 4130 என்றால் குரோமியம் 0.8 முதல் 1.1 சதவீதம், மாலிப்டினம் 0.15 முதல் 0.25 சதவீதம் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இரண்டுமே பேருக்குத்தான் இருந்தது.

எந்த ஸ்டீலாக இருந்தாலும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். குரோமோலிக்குப் பலம் அதிகம், அதனால் குழாயை மெல்லிசாகப் போடலாம்; எடை குறைவது அப்படித்தான். காந்தம் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பணம் கட்டும் முன் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கி, சீட் டியூபுக்குள் இறங்கும் கம்பி) அளவைக் கேளுங்கள். வெளி அளவு 28.6 மி.மீ. உள்ள குரோமோலி சீட் டியூபுக்குப் பெரும்பாலும் 27.2 மி.மீ. போஸ்ட்தான் வரும். எனக்கு வந்தது 25.4. குழாய் தடிமன் என்று அதிலேயே தெரிந்துவிடும். அளவைச் சொல்லாமல் மழுப்பினால் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஃப்ரேமில் விரிசல் விட்ட மூட்டுப் பகுதியை வெட்டாமல் சாட்சிக்கு வைத்திருக்கிறேன்.

இப்படி நேரடியாக வாங்கிய வண்டி யாரிடமாவது இருந்தால், இன்றைக்கே ஹெட் டியூபுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் மலை இறக்கத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.