மாதிரிப் பள்ளி விடுதியில் ஓராண்டு: ஒரு தகப்பனின் மதிப்பீடு

என் மகள் செட்டிநாட்டுப் பக்கம் அரசு மாதிரிப் பள்ளி ஒன்றின் விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பை முடித்திருக்கிறாள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால், எந்தப் பள்ளி என்று சொல்லாமலே இதை எழுதிவிடலாம். குறைகளையும் எழுதப்போவதால் அதுவே முறை.

காரைக்குடிப் பக்கம் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அது வள்ளல் அழகப்பச் செட்டியாரிடம் போய்த்தான் நிற்கும். அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கேட்க, அங்கேயே ஒப்புக்கொண்டு அதே 1947ஆம் ஆண்டில் கல்லூரியைத் திறந்தவர் அவர். காரைக்குடியில் உள்ள மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அவரே. மாதிரிப் பள்ளிகளுக்கு அப்படியொரு வள்ளல் கதை கிடையாது. 2021-22இல் பத்து மாவட்டங்களில் அரசு தொடங்கியது. 2022 செப்டம்பர் 5 அன்று மேலும் 15 பள்ளிகள் வந்தன. அன்றைக்கே தகைசால் பள்ளிகளும் தொடங்கப்பட்டதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணுவோர் உண்டு. தகைசால் என்பது இருக்கிற பள்ளியை மேம்படுத்துவது. மாதிரிப் பள்ளி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி.

பாடம் நடத்துவதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரந்தோறும் நீட் முறையில் ஓஎம்ஆர் தாளில் தேர்வு வைக்கிறார்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும் என்பதால், தெரியாத கேள்வியை விட்டுவிடவும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. முதல் தேர்வில் ஒரு வட்டத்தைக்கூட விடாமல் கறுப்பு மையால் நிரப்பிவிட்டு வந்தவள், தை மாதத் தேர்வில் முப்பத்தோரு கேள்விகளை வெறுமையாக விட்டிருந்தாள், மதிப்பெண்ணோ கூடியிருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருப்பதால், இந்தப் பயிற்சி வீண்போகாது என்ற நம்பிக்கை பெற்றோருக்கு இருக்கிறது. ஆனால் பயிற்சித் தாள்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழ்வழியில் படித்து வந்த என் மகள் முதல் மூன்று மாதம் அகராதியோடு மல்லுக்கட்டினாள். கேட்டபோது, போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகியது உண்மைதான், அந்த மூன்று மாத அழுகையை யாரும் கணக்கில் எழுதவில்லை.

விடுதிச் சாப்பாடு பரவாயில்லை; காலைப் பொங்கல் நன்றாகவே இருக்கிறது. குளியலறைகள் போதவில்லை, விடிகாலை நாலரைக்கே வாளியை வரிசையில் வைக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுகிறார்கள். அப்பத்தா செய்து கொடுத்த மனகோலப் பலகாரத்தை டின்னோடு கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் டின் காலியாகிவிடும், சுற்றிலும் எட்டுப் பத்து ஊர்ப் பிள்ளைகள். எங்கள் பக்க வழக்கப்படி பெயரெழுத்து வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் இப்போது வேறொரு பெண்ணிடம் இருக்கிறது. “கேட்டு வாங்கவா?” என்றேன். “வேண்டாம்ப்பா, அவ டம்ளர் எங்கிட்ட இருக்கு” என்றாள். வீட்டில் தம்பிக்கு ஒரு முறுக்கை விட்டுக்கொடுக்காத பெண் இவள்.

பல பகுதிப் பிள்ளைகளையும் தன்பால் இழுக்கும் இத்தகைய அரசுப் பள்ளியை அமெரிக்காவில் காந்தப் பள்ளி என்கிறார்கள். நிறவாரியாகப் பிரிந்து கிடந்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைக்க 1960களின் கடைசியில் அங்கே எழுந்த ஏற்பாடு அது. பெயர் பொருத்தமானதுதான், காந்தம் எடுத்துக்கொண்ட இடத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒரே ஆண்டில் மூன்று பேர் போனார்கள், மூவரும் முதல் பெஞ்சுக்காரர்கள். கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகள் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்ததும் அவர்களிடம்தான்.

அடுத்த ஆண்டும் மகளை அங்கேயே படிக்க வைப்பேன். கேட்பவர்களிடமும் சேர்க்கச் சொல்வேன், தமிழ்வழிப் பிள்ளையென்றால் கோடை விடுமுறையிலேயே ஆங்கிலப் பாடச்சொற்களைப் பழக்கிவிட்டு அனுப்பச் சொல்வேன். போன வாரம் சந்தையில் அவளுடைய பழைய தமிழாசிரியை என்னைப் பார்த்துவிட்டு, மகள் நலமா என்று விசாரித்தார். பிறகு, மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு இந்த ஆண்டு யாரை அனுப்புவதென்றே தெரியவில்லை என்று சொல்லி, வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்க்கத் தொடங்கினார்.