போலார் ஹெச்10 நெஞ்சுப் பட்டை: வளரும் வீரர்களுக்கு உதவுமா?

பன்னிரண்டு வயதில் மாவட்டப் போட்டியில் ஓடிய பிள்ளை பதினைந்தில் ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஓட்டக் காலணி) தொடவே மறுக்கும். அந்த வெறுப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் பலரும் இதயத்துடிப்புக் கருவி வாங்குகிறார்கள். துடிப்பை அளப்பதில், நெஞ்சில் கட்டும் போலார் ஹெச்10 நம்பகமானது. வெறுப்பை அளக்க அதனால் முடியாது.

முதலில் அளவைப் பாருங்கள். சிறிய பட்டை 51–65 செ.மீ., பெரியது 65–93 செ.மீ. டேப் வைத்து மார்புச் சுற்றளவை எடுத்த பிறகே வாங்குங்கள். பெரியதை வாங்கிவிட்டால் நாலு சுற்று ஓடுவதற்குள் வயிற்றுக்கு இறங்கிவிடும். உள்பக்க மின்முனைகளை நனைத்துக் கட்ட வேண்டும். உலர்ந்த பட்டை, வியர்வை பிடிக்கும்வரை கண்டபடி எண் காட்டும். பயிற்சி முடிந்ததும், பட்டையின் முன்பக்கம் மாட்டியிருக்கும் கருவியை (அந்தப் பட்டனை) கழற்றிவிட்டுப் பட்டையை அலசுங்கள். ஈரப் பட்டையிலேயே மாட்டி வைத்தால் கருவி அணையாது, சிஆர்2025 பேட்டரி வீணாகத் தீரும்.

இதன் உண்மையான பயன் காலையில்தான். எழுந்ததும் படுத்தபடியே ஐந்து நிமிடம் அளந்து, கடைசி இரண்டு நிமிடச் சராசரியைக் குறியுங்கள். இரண்டு வாரத்தில் வழக்கமான எண் பிடிபடும். அதைவிட 5–10 துடிப்பு கூடி, மூன்று நாள் அப்படியே நின்றால் காய்ச்சலா, தூக்கக் குறைவா, தண்ணீர் போதவில்லையா என்று பார்த்துவிட்டுப் பயிற்சியைக் குறையுங்கள்.

துடிப்பு சீராக இருந்தும் பிள்ளை மனம் விட்டுப்போயிருக்கலாம். அதனால் கூடவே ஒரு நோட்டு கட்டாயம். அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் வகுத்த முறை எளிது: பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கடினம் என்று 0–10க்குள் ஓர் எண், அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. ஏழு நாளும் 500ஐ ஒட்டியே இருந்தால் அதுவே கோளாறு; இடையில் 150க்கு இறங்கும் நாளும், முழு ஓய்வு நாளும் வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், தூங்கிய நேரத்தையும், ‘நாளைக்கு வர ஆசையா?’ என்பதற்கு 1–5க்குள் ஓர் எண்ணையும் எழுத வேண்டும். கோச் எதிரில் கேட்டால் பிள்ளைகள் கஷ்டத்தைக் குறைத்தே சொல்வார்கள், தனியாக எழுத விடுங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024இல் சொன்னதும் இதையொட்டியதே: வாரம் ஒரு நாளாவது ஓய்வு, ஆண்டில் 2–3 மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு. மாதம் மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம்.

நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் என்றால், பதினான்கு வயதுக்கு மேல் தாராளமாக வாங்கலாம். நீச்சலில் சுவரை உதைத்துத் திரும்பும்போது பட்டை நழுவும். கபடிக்கு வேண்டாம், பிடியில் விழும்போது அந்தப் பட்டன் நெஞ்சில் அழுந்தும். பத்து வயதுப் பிள்ளைக்கு நோட்டு மட்டும் போதும்.