ஸ்டுடியோ மானிட்டர்: ஒலியில் குறையில்லை, பவர் சப்ளைக்கு ஆயுளில்லை

நான் நெடுநாளாக வைத்திருக்கும் ஐந்து அங்குல ஆக்டிவ் மானிட்டர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஸ்டுடியோ ஸ்பீக்கர்) ஜோடியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாட் கணக்கெல்லாம் பெட்டியிலேயே அச்சாகியிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஒலியைப் பொறுத்தவரை, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரலையும் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதத்தையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டும் மானிட்டரை இந்த விலையில் நான் கேட்டதில்லை.

என் மனத்தாங்கல் முழுவதும் அதன் பவர் சப்ளை மீதுதான். நான்காம் ஆண்டில் இடப்பக்க மானிட்டர் வேலை செய்யாமல் போனது. சுவிட்சைப் போட்டால் 'டிக், டிக்' என்ற ஓசையுடன் முன்பக்க விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. சேவை மையத்தில் திறந்துகூடப் பார்க்காமல் முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை புதிய மானிட்டர் ஒன்றின் விலையில் பாதியை நெருங்கியது.

திறந்து பார்த்தால், குற்றவாளி 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்துத் தரும் உருப்படி) ஒன்றே. இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது ஸ்விட்சிங் வகை பவர் சப்ளையை, இயக்கும் யூசி 3842 என்ற கட்டுப்பாட்டு ஐ.சி. (சிப்), அந்தக் கெப்பாசிட்டரில் 16 வோல்ட் சேர்ந்ததும் விழித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்றிலிருந்து மின்சாரம் வந்து சேரும் வரை அந்தச் சேமிப்பைக் கொண்டே ஓடும். கெப்பாசிட்டர் காய்ந்து கொள்ளளவை இழந்திருந்தால், அதற்குள் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து ஐ.சி. நின்றுவிடும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். அந்த டிக் ஓசை இதுதான்.

அந்தச் சிறு உருப்படியை சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கை ஒட்டியே வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டருக்கு, வெப்பம் பத்து டிகிரி குறையும்தோறும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பாட்டு ஓடாத வேளையிலும் ஸ்டாண்ட்பையில் இந்தப் பகுதி உயிரோடுதான் இருக்கிறது என்பதால், நான்கு ஆண்டு நிறைவதற்குள் அதன் காலம் முடிந்துவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ரெடிமேட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பொருத்திவிடலாம் என்றார் கடைக்காரர். ஆம்ப்ளிஃபயருக்கு நேர், எதிர் இரண்டு மின்னழுத்தங்களும், முன்நிலைச் சுற்றுக்குத் தனியாக நேர், எதிர் 15 வோல்ட் ஜோடி ஒன்றும் தேவைப்படும்போது ஒற்றை வெளியீட்டுப் பெட்டி உதவாது. ஆகவே சென்னை ரிச்சி தெருவில் 105 டிகிரி, 10,000 மணி நேர, குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை) கெப்பாசிட்டர் வாங்கி, கால்களைச் சற்று நீளமாக விட்டு வெப்பத்திலிருந்து விலக்கிச் சால்டர் செய்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மெயின்ஸ் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும்; ரெசிஸ்டர் வழியே அதை வடித்து, மீட்டரில் உறுதி செய்த பின்னரே கை வைக்க வேண்டும். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் இழை பல்பு ஒன்றைச் சீரீஸில் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து போர்டைக் காப்பாற்றும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது.

நியாயமாகச் சொன்னால், அந்தப் போர்டில் மற்ற எதிலும் சிக்கனம் தெரியவில்லை. பெரிய கெப்பாசிட்டரின் கொள்ளளவு இன்றும் குறையாமல் இருக்கிறது, சால்டரிங்கும் சுத்தம். அதனால்தான் கோபம் கூடுகிறது. என் ஜோடியை எவர் கேட்டாலும் விற்க மாட்டேன். ஆனால் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். மீறி வாங்குபவர்கள் ஸ்டாண்ட்பையை நம்பாமல் சுவர் சுவிட்சை அணைத்து வையுங்கள். வாரண்டி முடிந்த மாதமே இரண்டு மானிட்டர்களிலும் அந்தக் கெப்பாசிட்டரை மாற்றிவிடுங்கள்.