ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு ரவுட்டருக்கு அரை மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன்.

வாங்கியது ஓர் ஆன்லைன் சந்தையில், அங்கே கடை போட்டிருந்த ஒருவரிடம். சாயங்காலம் ஆனால் வீட்டில் நெட் விட்டுவிட்டு வரும், வீடியோ காலில் பாதிப் பேச்சு காணாமல் போகும், இந்த முறை நல்லதாகவே வாங்கிவிடுவோம் என்று சாட்டில் அவரிடமே கேட்டேன். எத்தனை அறை, எத்தனை பேர், கனெக்‌ஷன் எத்தனை மெகாபிட் என்று பொறுமையாக விசாரித்தார். 300 என்றேன். "இது ஏசி1200, அதாவது 1200 மெகாபிட் வைஃபை, உங்கள் 300 எல்லாம் இதற்குத் தூசு, தைரியமாக வாங்குங்கள்" என்றார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற மனிதர் பொய் சொல்வார் என்று தோன்றவே இல்லை.

மாட்டிப் பார்த்தால் லேப்டாப்பைக் கேபிளில் நேராகச் செருகினாலும் 94-ஐத் தாண்டவில்லை. கேபிளை மாற்றினேன், அதே 94. அப்புறம்தான் தெரிந்தது, அதில் கேபிள் செருகும் போர்ட் எல்லாமே 100 மெகாபிட்தான். அந்த 1200, வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, வந்ததை மேல்நோக்கி முழுதாக்கிப் பெட்டியில் போடும் காகிதக் கணக்கு. நெட் உள்ளே வரும் வழியே 100 என்றால் அது எதற்கு? திருப்பிப் பார்த்தேன், அடியில் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தால் கீழே இன்னொரு ஸ்டிக்கர், அதன் சீரியல் நம்பர் பெட்டியில் உள்ளது இல்லை. புதுசு என்று பழசைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விற்றவரைக் கேட்டால் முதலில் ரீசெட் செய்யச் சொன்னார். பிறகு நெட் கொடுப்பவர்களைக் கேட்கச் சொன்னார், அவர்களோ லைனில் 300 ஒழுங்காக வருவதைக் காட்டிவிட்டார்கள். போட்டோ அனுப்பினேன், 48 மணி நேரம் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதே" என்று பதில் வந்தது! சந்தைக்காரர்களிடம் போனால் விற்றவரிடமே பேசச் சொல்கிறார்கள், நேற்றிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. அரை மாதச் சம்பளம், சும்மாவா?

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. போர்ட் எல்லாம் கிகாபிட்டா, அதாவது 1000 மெகாபிட்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், இரண்டு சீரியல் நம்பரும் ஒன்றா என்று அப்போதே பாருங்கள். அந்த மாடலுக்கு ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இன்னும் வருகிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். வந்த அன்றே கேபிளில் வேகத்தைச் சோதியுங்கள், சரியில்லை என்றால் 48 மணி நேரக் கதையை நம்பாமல் அன்றைக்கே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.