மாந்தோப்பு ஜிப்சிக்கு இரண்டாவது டிரான்ஸ்ஃபர் கேஸ்: காட்பாடிப் பட்டறைகளில் மூன்று வாரம்

ஐந்து வார லீவில் ஊருக்குப் போனவன், அதில் மூன்று வாரத்தைக் காட்பாடி லேத் பட்டறைகளிலும் குடியாத்தம் பக்கத்து மலையடிவாரத் தோப்பிலும் கழித்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் சித்தப்பா மகன் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை. தோப்புக்குள் ஓடும் அவனுடைய பழைய மாருதி ஜிப்சிக்கு இரண்டாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் போட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுற்றை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி; அதில் சாதாரண ஓட்டத்துக்கு ஹை, மெதுவாக, பலமாக இழுக்க லோ என்று இரண்டு நிலை இருக்கும். இந்த மாதிரி வேலையை நம் ஊரில் செய்து வாங்க முடியுமா, யாரிடம் போக வேண்டும், எங்கே இடறும் என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எதற்கு இந்த வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோப்பின் மேல்பகுதி பாறையும் சரளையுமான சரிவு. டிராக்டர் டிரெய்லரோடு அந்த வளைவில் திரும்பாது. அறுப்பு நாளில் பங்கனப்பள்ளி கிரேட்டுகளை ஜிப்சியில்தான் இறக்குகிறார்கள். லோவில் போட்டு முதல் கியரில் விட்டாலும் வண்டி சரிவில் தானாக வேகம் பிடிக்கிறது. பிரேக்கை மிதித்தால் சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது, விட்டால் மறுபடி பாய்கிறது. ஒவ்வொரு குலுக்கலும் அடிக் கிரேட்டில் இருக்கும் காயில்தான் விழுகிறது. அடிபட்ட இடம் பழுக்கும்போது கறுத்துப்போகும், மண்டியில் தனியாகப் பொறுக்கி ஒதுக்கிவிடுவார்கள். போன வருஷம் அப்படி ஒதுங்கியதைத் தம்பி போனில் சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது.

டென்வரில் என்னிடம் 1990 மாடல் டொயோட்டா பிக்கப் ஒன்று இருக்கிறது, 22ஆர்ஈ இன்ஜின். அதில் எட்டு வருஷமாக இரட்டை டிரான்ஸ்ஃபர் கேஸோடு ஓட்டுகிறேன். அந்த டொயோட்டா பெட்டியில் பல் குறைக்கும் பாகம் முன்னால் தனியாகக் கழன்று வரும். இன்னொரு பெட்டியின் அந்த முன்பாகத்தை மட்டும் எடுத்து, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் இருக்கும் மார்லின் கிராலர் கம்பெனியின் அடாப்டரை (இரண்டையும் இணைக்கும் பாகம்) நடுவில் வைத்து, வரிசையாகக் கோத்துவிடலாம். கணக்கு எளிது. முதல் கியரின் குறைப்பு 3.95 மடங்கு, லோ 2.28, ஆக்சிலில் உள்ள கிரவுன் பல்சக்கரம் 4.10. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். இரண்டாவது பெட்டியின் 2.28-ஐயும் பெருக்கினால் 84. ஐடிலில் விட்டால் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாது. பாறை மேல் ஒவ்வொரு சக்கரமும் எங்கே உட்காருகிறது என்று பார்த்துப் பார்த்து இறக்கலாம். பிரேக்கில் கால் வைக்கவே வேண்டாம், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். இதை வீடியோவில் பார்த்துத்தான் தம்பிக்கு ஆசை வந்தது.

ஆனால் டொயோட்டா கணக்கை அப்படியே ஜிப்சிக்குப் போட முடியாது. இதை நான் சொன்னபோது அவன் நம்பவில்லை. சரி என்று வண்டியின் அடியில் பாய் விரித்துப் படுத்தோம். டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே வரும் ஃபிளேஞ்சிலும் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தட்டு) பின்னால் போகும் ஃபிளேஞ்சிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டேன். ஹையில் வைத்து, பின் ஃபிளேஞ்ச் 10 சுற்று வரும்வரை கையால் சுற்றச் சொன்னேன். உள்ளே வரும் ஃபிளேஞ்ச் 14 சுற்றைக் கொஞ்சம் தாண்டி நின்றது. லோவில் 22 தாண்டி இன்னும் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 1.409, 2.268. டொயோட்டாவில் ஹை என்றால் ஒன்றுக்கு ஒன்று, அதனால் இரண்டு பெட்டி வைத்தாலும் ரோட்டு வேகம் மாறாது. ஜிப்சியில் ஹையே ஒரு குறைப்புதான். இரண்டு பெட்டியை வரிசையாக வைத்தால் ஹையிலும் 1.409 இரண்டு தடவை பெருகும். முன்பு 80-இல் போகும்போது இன்ஜின் எவ்வளவு சுற்றியதோ, அதே சுற்றுக்கு இனி 57-தான் போகும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ரோட்டுக்கே வராத வண்டிதானே அண்ணா?” என்றான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நானும் ஒப்புக்கொண்டேன். ரோட்டில் ஓட்டும் ஜிப்சியாக இருந்தால் இதைச் செய்யவே கூடாது என்பேன். அவர்களுக்கு ஒரே பெட்டிக்குள் பல்சக்கரத்தை மட்டும் மாற்றும் வழி இருக்கிறது. ஜிப்சியின் உடன்பிறப்பான சுசுகி சாமுராய்க்கு அமெரிக்காவில் 4.16, 6.5 என்றெல்லாம் லோ கியர் செட் விற்கிறார்கள்.

சட்டமும் சின்ன விஷயம் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆகவே பட்டறைக்குக்கூட வண்டியை ஓட்டிக்கொண்டு போகவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் காட்பாடிக்குக் கொண்டுபோனோம், அதிலேயே திரும்பவும் கொண்டுவந்தோம். ரெக்கவரிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார், நான்கு சக்கரத்தையும் பெல்ட் போட்டுக் கட்டினார். இந்தச் சேவை நம் பக்கம் உண்மையிலேயே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கயிறு கட்டி இழுப்பதுதான்.

இரண்டாவது பெட்டிக்காக, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம். ஜிப்சிப் பெட்டி கிடைத்தது, ஒன்பதாயிரம், பில்லோடு. பில் இல்லாமல் யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடைக்காரர் “கண்டிஷன் சூப்பர்” என்றார். கையால் சுற்றிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஊரில் பிரித்தால் ஒரு பேரிங் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. பழைய பெட்டி எதுவாக இருந்தாலும் பேரிங்கும் ஆயில் சீலும் புதிதாகப் போடுவது என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அவை வேலூரிலேயே கிடைத்தன. பேரிங்கின் மேல் உள்ள நம்பரைச் சொன்னால் போதும், பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்கள்.

இனி மனசு கசந்த பகுதி. முதலில் போன பட்டறையின் பெயர் வேண்டாம். வேலை வேகமாக நடந்தது, பேச்சும் இனிமை. ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டி இருக்காது. தனியாக, மூன்று ரப்பர் மவுண்டிங்கில் சேசிஸில் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். அதனால்தான் இன்னொரு பெட்டியை இடையில் நுழைக்க வழி இருக்கிறது. ஜிப்சியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2375 மில்லிமீட்டர் என்பதால் அடியில் இடமும் உண்டு. பழைய பெட்டியைப் பின்னால் தள்ளி, புதியதை முன்னால் வைப்பது திட்டம். அந்தப் பட்டறையில் புதிய பெட்டிக்கு ரப்பரே வைக்காமல், இரும்புப் பட்டையை நேராகச் சேசிஸில் வெல்டிங் அடித்துவிட்டார்கள். நான் அன்று அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். “ஸ்ட்ராங்கா இருக்கும் சார்” என்றார்கள். மூன்றாம் நாள் தோப்பில் சரிவு ஏறும்போது பெட்டியைத் தாங்கும் கை விரிசல் விட்டது. சேசிஸ் முறுக்கும்போது பெட்டிக்கு அசைய இடம் வேண்டும், அந்த இடத்தை ரப்பர்தான் கொடுக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை. போனது பணத்தைவிட ஆறு நாள், லீவில் வந்தவனுக்கு அது பெரிய நஷ்டம்.

அப்புறம் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் காட்பாடியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே வேலை செய்யும் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். லாரி ஷாஃப்ட்டுகளிலேயே வாழ்ந்தவர். “இன்னா சார், ஹை-லோ பெட்டி ரெண்டா? ஒண்ணு பத்தாதா?” என்றுதான் ஆரம்பித்தார். தோப்பு, சரிவு, கிரேட் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப ஸ்பீடுக்கு இல்ல, தாங்கறதுக்கு” என்றார். இரண்டு வருஷமாக நான் தம்பிக்கு விளக்கியதை ஒரே வரியில் பிடித்துவிட்டார்.

அவர் செய்த ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு பெட்டிக்கும் நடுவில் புதிதாக ஒரு குட்டி ஷாஃப்ட் வேண்டும். பழைய ஷாஃப்ட்டின் இரண்டு முனையையும் வெட்டி எடுத்து, புதுக் குழாயில் உட்கார வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். முனைகளைத் தட்டிப் பொருத்திய பிறகு பாய் உடனே வெல்டிங் வைக்கவில்லை. ஒரு முனையின் கிராஸ் ஓட்டைக்கு (கூட்டல் குறி வடிவ மூட்டு உட்காரும் ஓட்டை) நேராகச் சாக்பீஸை வைத்து, குழாய் நெடுக ஒரே கோடாக மறுமுனை வரை இழுத்தார். கோடு அடுத்த கிராஸ் ஓட்டைக்கு ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்தது. மரச்சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி கோடு. இன்னொரு தட்டு, மறுபடி கோடு. நான்காவது முறைதான் நேராக வந்தது. இரண்டு கிராஸும் ஒரே நேரில் இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து உதறும். பிறகு நான்கு இடத்தில் சின்னப் புள்ளி வெல்டிங், லேத்தில் மாட்டி டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்தார், அப்புறம்தான் முழு வெல்டிங். அதையும் சுற்றிச் சுற்றி எதிர் எதிர் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார். ஒரே பக்கம் சூடானால் குழாய் வளைந்துவிடுமாம்.

முன் ஷாஃப்ட்டை நீட்டி, பின் ஷாஃப்ட்டைக் குறைத்தது எல்லாம் இதே முறைதான். பேலன்சிங்குக்குப் பைபாஸில் இருக்கும் லாரிப் பட்டறைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். “தோப்புல இருவது ஸ்பீடு கூடப் போவாத வண்டிக்கு பேலன்ஸ் எதுக்கு சார், காச மிச்சம் பண்ணு” என்றார். அதற்கும் சேர்த்து அவர் காசு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. புதிய கிராஸ்மெம்பர் (சேசிஸின் குறுக்குச் சட்டம்), மூன்று ரப்பர் மவுண்டிங், பெட்டிகளின் சாய்மானத்தைக் கியர்பாக்ஸோடு ஒத்துப்போக வைத்தது எல்லாம் சேர்த்துப் பாய்க்குக் கொடுத்தது 14,500 ரூபாய். நடுவில் ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் இல்லை. அன்று பட்டறை மூடல். லீவுக்கு வருகிறவர்கள் அந்தத் தேதியை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லேத்காரர்களிடம் போகிறவர்கள் படம் வரைந்த பேப்பரை மட்டும் கொண்டுபோனால் வேலை நகராது. பழைய உருப்படியைக் கையோடு கொண்டுபோய், மேசையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். போனில் சொன்ன வேலை நாலு நாள் இழுத்தது, உட்கார்ந்து செய்த வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

இப்போது வண்டியில் இரண்டு லீவர். முன் பெட்டியை மட்டும் லோவில் போட்டு, பின் பெட்டியை டூ வீல் ஹையில் விட்டால், முன் சக்கரத்துக்கு வேலையே இல்லாமல் 3.2 மடங்கு குறைப்பு கிடைக்கிறது. மரங்களுக்கு நடுவே சமதரையில் ஒடித்துத் திருப்ப இதுதான் வசதி. இரண்டையும் லோவில் போட்டால் 5.14. முன்பு 2.27 மட்டுமே இருந்த இடம். முதல் கியரில் விட்டு, மூன்று பெடலிலிருந்தும் காலை எடுத்துவிட்டால் வண்டி சரிவில் ஆற அமர இறங்குகிறது.

சௌகரியத்தோடு சில தொல்லையும் சேர்ந்தே வரும். பல்சக்கரச் சத்தம் அதிகம், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆயில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று கூடிவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் முக்கால் லிட்டருக்கு மேல் 80டபிள்யூ-90 கியர் ஆயில் பிடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பெருகும் முறுக்கு விசை பின்னால் ஆக்சிலில்தான் போய் விழும். டென்வரில் என் டொயோட்டாவின் முன் ஆக்சில் ஜாயிண்ட் ஒருமுறை உடைந்தது. சக்கரம் ஒரு பக்கமாக முழுதாகத் திரும்பிய நிலையில், பாறையில் மாட்டியிருக்க, ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம். அதனால் தோப்பில் வண்டி ஓட்டும் அண்ணனிடம் மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நின்ற பிறகுதான் லோ லீவரைத் தொட வேண்டும். சக்கரம் மாட்டிக்கொண்டால் மிதிக்கக் கூடாது, இறங்கிக் கல்லை எடுக்க வேண்டும். இறங்கும்போது கிளட்சை மிதிக்கவே கூடாது, மிதித்தால் பிடி மொத்தமும் விட்டுப்போகும். டிராக்டர் ஓட்டிப் பழகியவர், இரண்டே நாளில் என்னைவிட நிதானமாக இறக்கினார்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் கடைசி அறுப்பு. மேலிருந்து இறங்கிய முதல் நடையில் அடிக் கிரேட்டுகளை மட்டும் தம்பி தனியாக எடுத்துவைத்தான். ஒவ்வொரு காயையும் காம்புப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தான். இரண்டு கிரேட்டில் ஒன்றுகூட நசுங்கவில்லை. மூன்றாவதில் ஒன்று. அதுவும் மரத்திலிருந்து விழுந்த காயாம், காம்பைக் காட்டினான்.

முன் பெட்டியில் முன் ஷாஃப்ட் போக வேண்டிய வாயை மூடி போட்டு அடைத்திருக்கிறோம். லோவில் உள்ளே அந்தத் தண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மூடியில் மட்டும் ராத்திரிக்கு ஒரு சொட்டு ஆயில் கசிகிறது. ஆடி பிறந்து தோப்பில் வேலை குறைந்ததும் கழற்றி, மூடியின் முகத்தை லேத்தில் ஒரு சீவு சீவித் தருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார்.